குளிர்காலத்தில் துங்கநாதரைப் பார்க்க மக்குமட் போவது எப்படி

ஊர்ப் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தேன். உத்தராகண்டில் ருத்ரபிரயாக் மாவட்டத்துக் கிராமம் அது. பஞ்ச கேதாரங்கள் என்கிற ஐந்து இமயமலைச் சிவன் கோயில்களில் ஒன்றான துங்கநாத் 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தீபாவளி சமயத்தில் அங்கே நடை சாத்திவிட்டு, சுவாமியை டோலியில் வைத்துத் தோளில் சுமந்து மக்குமட்டுக்கு இறக்கிவிடுவார்கள். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ மறுபடி மலையேறும் வரை பூசையெல்லாம் அங்கேதான். சுவாமியே குளிருக்குக் கீழே வந்துவிடுகிறார், நாம் எதற்கு மூடிய கதவைப் பார்க்க மேலே ஏற வேண்டும்?

ரங்கூனிலிருந்து போகிறவர்களுக்கு என் யோசனை இது. குளிர்காலத்தில் பர்மியர்கள் புத்தகயா யாத்திரை போகும் விமானத்திலேயே ஏறிவிடுங்கள். நான் அப்படித்தான் போனேன். பக்கத்து இருக்கை அம்மா போதி மரத்துக்கு, நான் இமயமலைக்கு; இரண்டு பேர் மடியிலும் லெப்பெ பொட்டலம், அதாவது பர்மியத் தேயிலை ஊறுகாய். கயாவிலிருந்து டூன் எக்ஸ்பிரஸ் ரிஷிகேஷ் வரை போகிறது. ஆனால் தை மாதத்தில் கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி. ரயில்கள் அரை நாள் தாமதமாவது அங்கே சகஜம். அதனால் போகும்போது ஒரு நாள், வரும்போது இரண்டு நாள் கையில் மிச்சம் வையுங்கள். திரும்பும் விமானம் உங்களுக்காக நிற்காது.

ரிஷிகேஷில்தான் நான் முட்டாள்தனம் செய்தேன். நன்றாகத் தூங்கி, குளித்து, தோசை தேடிச் சாப்பிட்டுவிட்டு பதினொரு மணிக்கு ஜீப் நிலையத்துக்குப் போனால் மலைக்குப் போகிற பங்கு ஜீப்பெல்லாம் கிளம்பிவிட்டது. மலை ஓட்டுநர்கள் இருட்டில் ஓட்ட மாட்டார்கள். குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. விடியற்காலை ஐந்து மணிக்கே போய் நில்லுங்கள். ருத்ரபிரயாக் வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர், அங்கிருந்து ஊக்கிமட் இன்னொரு 40. வளைவுகள் வயிற்றைப் புரட்டும். முன் இருக்கை கேளுங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.

வழியில் மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி என்று ஓர் ஊர் வரும். ஆமாம், நம்ம அகத்தியர்தான்! அவருக்குக் கோயிலும் உண்டு. பொதிகைக்கு வந்து தமிழ் வளர்த்தவருக்கு இங்கேயும் ஒரு வீடு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஜீப்பில் இருந்தவர்களிடம் அவர் எங்கள் ஊர்க்காரர் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

முதல் இரவு ஊக்கிமட்டில் தங்குங்கள். உயரம் 1,300 மீட்டர்தான், உடம்பு பழகும். அங்கே ஓங்காரேஸ்வரர் கோயிலில் கேதாரநாதரும் குளிர்காலம் கழிக்கிறார். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்து நாதர் அவர். ஒரே பயணத்தில் இரண்டு கேதாரம், கோடையில் போகிறவர்களுக்கு இருக்கும் தள்ளுமுள்ளும் இல்லை.

மறுநாள் மக்குமட். ஊக்கிமட்டிலிருந்து போகலாம்; ருத்ரபிரயாக்–குப்தகாசி சாலையில் பீரி என்ற இடத்தில் பிரியும் பாதையிலும் போகலாம். எதில் பனி இல்லை என்பதைக் காலையில் ஓட்டுநரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், கூகுளிடம் கேட்காதீர்கள். கோயில் மார்க்கண்டேயர் பெயரில் இருக்கிறது. திருக்கடையூர் கதை தெரிந்தவர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கேதாரநாதருக்குத் தென்னாட்டு அர்ச்சகர்கள். துங்கநாதருக்கு இந்த ஊர் மைத்தாணி பிராமணர்களே பூசை செய்கிறார்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நம்மைத் தங்கவைக்கிறவர்கள் 24 மணி நேரத்துக்குள் நம் விவரங்களை அதிகாரிகளிடம் பதிய வேண்டும். சின்ன வீடுகளில் அந்தத் தொந்தரவுக்குப் பயந்து இடமில்லை என்பார்கள். முன்னதாகவே போன் செய்து கேட்டுவிடுங்கள். கடவுச்சீட்டு, விசா நகல் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். ரிஷிகேஷிலேயே ரூபாயைச் சில்லறையாக மாற்றிவிடுங்கள்.

துணி விஷயத்தில் நாம் ரொம்ப அப்பாவிகள். ரங்கூனில் 18 டிகிரிக்கு இறங்கினாலே கம்பளித் தொப்பி தேடுகிற ஆட்கள். பருத்தி பனியன் வேர்வையில் நனைந்தால் காயாது, அதுதான் குளிரைக் கொண்டுவரும். உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். கோயிலுக்கென்று தனியாக ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் நின்றால்தான் தெரியும். முகத்தில் நாம் பூசுகிற தனாகா மரப்பட்டைச் சாந்து பனிக்காற்றுக்கு உதவாது, வாஸ்லின் பூசுங்கள். போனை இரவில் போர்வைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: அன்பாகக் கணப்புச் சட்டி கொண்டுவந்து தருவார்கள். கை காய்ச்சிக்கொண்டு, படுக்கும் முன் வெளியே வைத்துவிடுங்கள். மூடிய அறையில் கரி புகைந்தால் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மண்டுவா ரொட்டி என்பது நம்ம கேழ்வரகு. கஹத் தால் என்பது கொள்ளு. ஜங்கோரா குதிரைவாலி. இந்தி தெரியாவிட்டால் ‘கர்ம் பானி’ என்ற இரண்டு சொல் போதும், வெந்நீர் வரும்.

மக்குமட்டிலிருந்து சோப்தா போய்ப் பனியில் துங்கநாத் ஏறலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். சோப்தாவிலிருந்து நடை மூன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் பனியில் படி எது பள்ளம் எது என்று தெரியாது. பழகிய வழிகாட்டியும் காலில் கட்டும் இரும்பு முள்ளும் இல்லாமல் வேண்டாம். நான் போகவில்லை. அந்த நேரத்தில் கோயில் திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டு, ஊர்க் கிழவிகளுக்கு லெப்பெ கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தி மட்டும் துப்பாமல் தின்றாள். பதிலுக்கு இரண்டு கிலோ கொள்ளு கட்டிக் கொடுத்தாள்.