மேபல் நார்மண்டை 'சாப்ளினின் கதாநாயகி' என்று எழுதாதீர்கள்

மௌனப்பட நகைச்சுவையில் கோலோச்சிய பெண்களைப் பற்றி எழுதுபவர்கள் முதல் வரியிலேயே சறுக்குவது இந்த இடத்தில்தான். 1914-இன் தொடக்கத்தில் கீஸ்டோன் படநிறுவனத்தில் சாப்ளின் புதுமுகம். மேபலோ, தன் பெயரையே படத்தலைப்பில் தாங்கிய நட்சத்திரம். தொளதொளத்த கால்சட்டை, சிறு மீசை, கைத்தடி என்ற வேடத்தில் சாப்ளின் முதலில் நடித்தது 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் ப்ரெடிகமெண்ட்' படத்துக்காக. இயக்கியவர் மேபல். அதே வேடத்தில் அவர் நடித்த வேறொரு படம் இரண்டு நாள் முந்தி வெளியானதால் இந்த விவரம் பலர் கண்ணில் படுவதில்லை. அதே ஆண்டு 'மேபல் அட் த வீல்' படப்பிடிப்பில் மேபல் சொல்படி நடிக்க சாப்ளின் மறுத்தார். சாப்ளினின் தன்வரலாற்றை மட்டும் படித்துவிட்டு மேபலின் இயக்கத்தை எடைபோடுவது அநியாயம். முதலில் 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் ப்ரெடிகமெண்ட்' படத்தைப் பாருங்கள். இரவு உடையோடு ஓட்டல் நடைவழியில் மாட்டிக்கொண்டு அவர் தவிப்பதைப் பாருங்கள்.

அடுத்த தவறு, வம்பை வரலாறாக்குவது. 1922-இல் இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் கொலையுண்டார். அன்று மாலை அவரைச் சந்தித்துவிட்டுப் போனவர் என்பதைத் தவிர மேபல் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. ஆனாலும் அவரைப் பற்றிய கட்டுரைகளில் பாதி இடத்தை அந்தக் கொலையே விழுங்கிவிடுகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொரு நகைச்சுவை நடிகையான மேரியன் டேவிஸுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 'சிட்டிசன் கேன்' படத்தில் வரும் திறமையற்ற பாடகி இவர்தான் என்று ஊரே முடிவுகட்டியது. அப்படி இல்லை என்று அதன் இயக்குநர் ஆர்சன் வெல்ஸே பின்னாளில் எழுதினார். 1928-இல் வந்த 'த பேட்ஸி'யில் அன்றைய நட்சத்திரங்களான லில்லியன் கிஷ், மே மர்ரே, போலா நெக்ரி மூவரையும் மேரியன் அடுத்தடுத்து நடித்துக்காட்டும் காட்சி ஒன்றே போதும், அவர் யார் என்று தெரிந்துகொள்ள.

ஹாலிவுட்டோடு நின்றுவிடவும் கூடாது. ஜெர்மனியில் நடிகை ஓஸ்ஸி ஓஸ்வால்டா 1919-இல் 'டி புப்பே' படத்தில் பொம்மையாக நடிக்கும் பெண்ணாக வந்து அதகளம் செய்தார்.

பார்க்கும் பிரதியின் வேகத்தையும் கவனியுங்கள். கேமராவைக் கையால் சுழற்றி, பெரும்பாலும் நொடிக்கு 16 முதல் 20 சட்டகம் (ஃபிரேம்) வரை எடுத்த படத்தை 24-இல் ஓட்டினால், நுணுக்கமான முகபாவம் வெறும் துள்ளலாகிவிடும். துரத்தல் காட்சிகளை வேண்டுமென்றே வேகமாகத் தெரியும்படி எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

அழியாமல் எஞ்சிய படங்களை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வதும் தவறு. நடிகை காலீன் மூரைப் பெரும் நட்சத்திரமாக்கிய 'ஃபிளேமிங் யூத்' படத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படச்சுருள்.