ட்ரெய்லருக்கு முன்பே செய்ய வேண்டியவை

பெண்கள் நடத்தும் சிறு கேம் ஸ்டூடியோ என்றால், ட்ரெய்லர் வெளியாகும் முன்பே இணையத் தொல்லைக்குத் தயாராகுங்கள். டொமைன் (இணையதளப் பெயர்) பதிவில் வீட்டு முகவரி தெரிந்தால் மறையுங்கள். கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் வேண்டாம், குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி போதும். தொல்லை தருபவர்கள் தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணைத் தங்கள் சிம்முக்கு மாற்றிக்கொண்டால், எஸ்எம்எஸ் குறியீடு அவர்கள் கைக்குப் போய்விடும்.

மிரட்டல் வந்ததும் பிளாக் செய்யும் அவசரத்தில்தான் ஆதாரம் தொலைகிறது. முதலில் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, தேதி, நேரம், கணக்கின் பெயர், பிறகு புகார், கடைசியில் பிளாக். இந்தப் பதிவேட்டைத் தாக்கப்படுபவரே பராமரிக்கக் கூடாது. அத்தனையையும் திரும்பப் படிப்பதே இன்னொரு அடி.

ரசிகர்கள் கூடிப் பேசும் அரட்டைத் தளமான டிஸ்கார்டில், உங்கள் குழுவின் சரிபார்ப்பு நிலையை உச்சத்தில் வைத்தால், தொலைபேசி எண்ணை உறுதிசெய்தவர்களே எழுத முடியும். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் விளையாட்டுக்குத் தொடர்பற்ற விமர்சனங்கள் குவிந்தால், அதை நடத்தும் வால்வு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்; 2019 முதல் அத்தகைய காலகட்டத்தின் விமர்சனங்களை கேமின் மதிப்பெண்ணில் சேர்க்காமல் விடும் ஏற்பாடு உண்டு. ‘போரடிக்கிறது’ என்பது தொல்லையல்ல, அதை விட்டுவிடுங்கள்.