ஊசி மருந்தில் தவறு நேராமல் இருக்க: வார்டு நர்ஸ்களுக்கான வழிமுறை

டாக்டர் எழுதுவதில் பிழை இருந்தால் மருந்தகத்தில் பிடிபடலாம். மருந்தகத்தில் மாற்றிக் கொடுத்தால் நர்ஸ் கண்ணில் படலாம். நர்ஸ் கையில் நடக்கும் தவறைப் பிடிக்க அதற்கப்புறம் ஆள் கிடையாது, மருந்து உள்ளே போய்விடும். அதனால்தான் கடைசிச் சரிபார்ப்பை நர்ஸிங் ஸ்டேஷனில் முடித்துவிட்டுப் போகாமல் கட்டிலருகே நின்று செய்ய வேண்டும் என்கிறோம். பொது வார்டில் அதை எப்படிச் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறோம். ஐ.சி.யூ.வில் இன்னும் சில கட்டுப்பாடுகள் சேரும்.

ஆள் யார் என்று உறுதிசெய்தல்

கட்டில் நம்பரை வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். ஃபேன் காற்று வரவில்லை என்று 12-ஆம் கட்டிலில் இருந்தவர் சாயங்காலம் 15-க்கு மாறியிருப்பார். பெயர் மட்டும் போதாது. குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் நமக்கு இல்லாததால் ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று செல்வி என்பது சாதாரணம். இனிஷியலோடு சேர்ந்த பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) இரண்டையும் கைப்பட்டையிலும் மருந்துச் சார்ட்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். “நீங்க செல்விதானேம்மா?” என்றால் காது மந்தமானவரும் அரை மயக்கத்தில் இருப்பவரும் “ஆமா சிஸ்டர்” என்றுதான் சொல்வார்கள். “உங்க பேர் சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன?” என்று கேட்டால் பதில் அவர் வாயிலிருந்து வரும். பேச முடியாதவர் என்றால் கூட இருப்பவரிடம் இதே மாதிரி கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு கேஸ் ஷீட்டின் மேலும் சிவப்பில் எழுதி வையுங்கள், முடிந்தால் கட்டில்களையும் தள்ளிப் போடுங்கள்.

அப்படியே ஒவ்வாமையையும், வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளையும் கேட்டுவிடுங்கள். தலையணைக்கடியில் இருக்கும் பையில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருக்கும். வார்டில் கொடுப்பது ஒரு வேளை, அவர்களாகப் போட்டுக்கொள்வது இன்னொரு வேளை என்று இரட்டிப்பாகிவிடும். நாட்டு மருந்து, சித்த மருந்து சாப்பிடுகிறார்களா என்பதையும் அதட்டாமல் கேளுங்கள். அதட்டினால் மறைப்பார்கள்.

மருந்து எடுக்கும்போது

ஒரு நேரத்தில் ஒரு நோயாளிக்கு மட்டும் மருந்து எடுங்கள். பத்துப் பேருக்கான ஊசியை ஒரே ட்ரேயில் வரிசையாக அடுக்கிக்கொண்டு கிளம்புவது வேகமான வழிதான், ஆனால் நடுவில் ஒரு சிரிஞ்ச் இடம் மாறினால் அதன்பின் எல்லாமே மாறிப்போகும். ஆம்பியூலின் (ஊசி மருந்துச் சிறு குப்பியின்) லேபிளை மூன்று முறை படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் இழுக்குமுன், ஆம்பியூலைக் கீழே வைக்கும்போது. இழுத்த சிரிஞ்சை உடனே போடப் போவதில்லை என்றால் மருந்தின் பெயரும் அளவும் எழுதி ஒட்டுங்கள். பெயர் ஒட்டாத சிரிஞ்ச் கண்ணில் பட்டால் அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.

கணக்குப் போடும் நேரத்தில் போன் வரும், அட்டெண்டர் (நோயாளியோடு கூட இருப்பவர்) வந்து “சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு” என்பார். போய்ப் பார்க்கத்தான் வேண்டும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பாதியில் நின்ற வேலையில்தான் ஒரு மருந்து இரண்டு முறை விழுவதும், ஒரு மருந்து விடுபடுவதும் அதிகம்.

இன்சுலின்

வார்டில் தினமும் கையாளும் மருந்துகளில் இவ்வளவு எளிதாகத் தவறும் மருந்து வேறு இல்லை. காரணம், நம் நாட்டில் 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள மருந்தும் உண்டு. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் 0.25 மி.லி. வரும், அதாவது உள்ளே போவது 25 யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் 10-க்குப் பதில் 4 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்கவில்லை என்று அடுத்த வேளைக்கு டோஸைக் கூட்டுவார்கள், அப்போது யாராவது சரியான சிரிஞ்சை எடுத்தால் ஆள் மயங்கி விழுவார். குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே இழுங்கள். சாதாரண 2 மி.லி. சிரிஞ்சில் இன்சுலின் எடுக்கவே கூடாது. இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து (உள்ளே இருக்கும் மருந்துக் குழாயிலிருந்து) சிரிஞ்சால் இழுப்பதும் வேண்டாம். ஊசியை மாற்றினாலும் ஒருவரின் பேனாவை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது, ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் ஏறியிருக்கலாம்.

யூனிட் என்று முழுதாக எழுதாமல் ஆங்கில யு எழுத்தை மட்டும் எழுதினால் அது பூஜ்யம் போலத் தெரியும், 10 என்பது 100 ஆகிவிடும். அப்படி எழுதியிருந்தால் டாக்டரிடம் கேட்டுத் திருத்தி எழுதி வாங்குங்கள்.

போடுமுன் சாப்பாடு வந்துவிட்டதா என்று பாருங்கள். ரெகுலர் இன்சுலினுக்கு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும், வேகமாக வேலை செய்யும் லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் வகைக்குத் தட்டு முன்னால் இருக்க வேண்டும். ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ வெறும் வயிற்றில் வைத்திருப்பவருக்கு, வழக்கமான டோஸ்தானே என்று போட்டுவிடாமல் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போய், ஆள் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் 3 டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸை எடுத்து வையுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு, ஹெபாரின்

பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. அதை நரம்பில் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கு டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் போலவே இருப்பதால் இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. பூட்டிய தனி அலமாரிதான் அதற்கு இடம். 500 மி.லி. பாட்டிலில் சேர்க்கும்போது, தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியைக் குத்தாதீர்கள். மருந்து கனமானது, அடியில் தங்கி முதல் சில நிமிடத்திலேயே மொத்தமாக இறங்கிவிடும். பாட்டிலைக் கழற்றி, சேர்த்து, ஏழெட்டு முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டிய பிறகு மாட்டுங்கள். ஆரம்பிக்குமுன் கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு, சிறுநீர் போகிறதா என்று பாருங்கள்.

வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகக் கூடாது, எனவே 20 சேர்த்த பாட்டில் 2 மணி நேரத்துக்குள் தீரவே கூடாது. 4 மணி நேரத்துக்கு என்று எழுதியிருந்தால் மணிக்கு 125 மி.லி. ஐ.வி. செட் கவரில் 1 மி.லி.க்கு 20 சொட்டு என்று இருந்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு, 15 என்று இருந்தால் 31. அட்டெண்டர்களிடம் “ட்ரிப்ஸ் வேகத்தை மாத்துற சக்கரத்தைத் தொடாதீங்கண்ணே, மெதுவா போறது நல்லதுக்குத்தான்” என்று சொல்லி வையுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று அவர்களே வேகத்தைக் கூட்டிவிடுவதுண்டு.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் 5 மி.லி. குப்பியில் இரண்டு வகை: 1 மி.லி.க்கு 1000 யூனிட், 1 மி.லி.க்கு 5000 யூனிட். 5000 யூனிட் கொடுக்க முதல் வகையில் முழுக் குப்பி, இரண்டாவதில் 1 மி.லி. மட்டும். பழக்கத்தில் முழுக் குப்பியையும் இழுத்தால் 25,000 யூனிட் போய்விடும்.

இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு, ஹெபாரின் ஆகிய இந்த மூன்று மருந்துக்கும் இரண்டாவது நர்ஸ் பார்க்க வேண்டும். “இது 8 யூனிட்தானே?” என்று நீட்டினால் அவரும் எட்டைத்தான் பார்ப்பார். உங்கள் கணக்கைச் சொல்லாமல் ஆர்டரையும் குப்பியையும் கொடுத்து அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். விடை இரண்டும் ஒத்தால் கொடுக்கலாம். நைட் டியூட்டியில் தனியாக இருந்தால் பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அதற்காகும் ஐந்து நிமிடம் இந்த மருந்துகளுக்குத் தாமதமே இல்லை.

போனில் வரும் ஆர்டரை எழுதி, எழுதியதை டாக்டருக்குப் படித்துக் காட்டி, சரி என்றபின் செய்யுங்கள். எண்ணைத் தனித்தனி இலக்கமாகச் சொல்லுங்கள்: “ஒன்று ஐந்து, பதினைந்து”. ஷிப்ட் மாறும்போது ஓவர் கொடுப்பதை (பொறுப்பை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பதை) கட்டிலருகே கொடுத்தால் ட்ரிப்ஸின் வேகம், வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட்ட இடத்தின் வீக்கம், அடுத்த டோஸ் நேரம் மூன்றையும் இருவரும் கண்ணால் பார்த்துவிடலாம்.

தவறு நடந்துவிட்டால்

பொட்டாசியம் வேகமாக இறங்கியிருந்தால் ட்ரிப்ஸை நிறுத்துங்கள், ஆனால் வென்ஃப்ளானை எடுக்காதீர்கள், இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுகோனேட் கொடுக்க அந்த வழி வேண்டும். ஈ.சி.ஜி. மானிட்டரை மாட்டுங்கள். இன்சுலின் கூடிப்போயிருந்தால் ஒரு தடவை சர்க்கரை சரியாக வந்தது என்று விட்டுவிடக் கூடாது, ரெகுலர் இன்சுலின் 6 முதல் 8 மணி நேரம் வேலை செய்யும். எதுவானாலும் டாக்டருக்கும் வார்டு பொறுப்பாளருக்கும் உடனே சொல்லுங்கள். திட்டு விழும் என்று புது ஸ்டாஃப் தயங்குவார்கள், ஆனால் மாற்று மருந்து வேலை செய்யும் நேரம் அந்தத் தயக்கத்தில்தான் போகிறது. திட்டுவதைச் சீனியர்கள் நிறுத்தினால்தான் அவர்கள் ஓடிவந்து சொல்வார்கள். காலி ஆம்பியூலையும் மீதி மருந்தையும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அப்போதைய பி.பி., நாடி, டாக்டருக்குச் சொன்ன நேரம் ஆகியவற்றைச் சார்ட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள்.