வான்கோழிக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு தம்பியின் வான்கோழிப் பண்ணைக்குப் போயிருந்தேன். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா என்ற தடுப்பு மருந்து கொடுக்கும் நாள். மருந்து ஐஸ் பெட்டியில் இருந்தது, காலாவதித் தேதி பார்த்திருந்தார், விடியற்காலையிலேயே வேலையை ஆரம்பித்திருந்தார். எல்லாம் சரி. அப்புறம் மூலையில் இருந்த குடங்களைக் காட்டி, "போர் தண்ணி உப்புங்கண்ணா, அதான் குழாய்ல நல்ல தண்ணி பிடிச்சு வெச்சேன்" என்றார், பெருமையாக. எனக்கு வயிறு எரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பெருமையோடு இதையேதான் செய்தேன்.

ஐஸ் இல்லாமல் மருந்து வாங்கி வருவது, உச்சி வெயிலில் கொடுப்பது இதெல்லாம் மருந்துக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

ஒகேனக்கல் தண்ணீரில் கலப்பது

நம் மாவட்டத்துப் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல்லைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்ற நிலைமை இருந்தது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகுதான் நல்ல தண்ணீர் குடிக்கிறோம். அதனால் உசத்தியானது எதற்கும் அந்தத் தண்ணீர்தான் என்று மனதில் பதிந்துவிட்டது.

அது குளோரின் போட்டு வரும் தண்ணீர். தெருக்கோடிக் குழாயில் பிடித்தாலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நமக்கு நல்லதுதான். ஆனால் லசோட்டா உயிருள்ள வைரஸ். காலராக் கிருமியைக் கொல்லும் குளோரின், மருந்துக் கிருமியை மட்டும் சும்மா விடுமா? கோழி குடிக்கும் முன்பே மருந்து செத்துவிடும்.

எரிச்சல் என்னவென்றால், அன்றைக்கு எதுவுமே தெரியாது. கோழி குடிக்கும், மேயும், நாமும் நோட்டில் டிக் போட்டுவிடுவோம். எனக்கு மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. முதலில் பச்சையாகக் கழிந்தன. பிறகு கழுத்தைத் திருகிக்கொண்டு பின்னாலேயே நடக்க ஆரம்பித்தன. 260இல் 70 போய்விட்டது. வான்கோழிக் குஞ்சு என்ன விலை, விற்பனைக்கு வர எத்தனை மாதம் தீனி போட வேண்டும் என்பதெல்லாம் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். மருந்தே போலி என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். கால்நடை மருத்துவர் வந்து கேட்டது ஒரே கேள்வி: "எந்தத் தண்ணியில கலந்தீங்க?" கடைக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அதையே எடுங்கள். மேல் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிற பழக்கம் இருந்தால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, குழாயில் நின்ற தண்ணீரையும் திறந்து விட்டுவிடுங்கள். லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் கழித்து மருந்தைச் சேருங்கள். வீட்டுப் பசும்பால் வேண்டாம். கொழுப்பு குழாயை அடைக்கும். "குளோரின் வாடையே வரலையே" என்று மூக்கை நம்பாதீர்கள். ஊராட்சி டேங்க் ஆபரேட்டரிடம் ஒரு சோதனைக் குப்பி இருக்கும். சில சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தம்பி நல்லவேளை இன்னும் மருந்தைக் கலக்கவில்லை. குடத்துத் தண்ணீர் எருமைக்குப் போனது.

தகர வாளி

வேண்டாம். பிளாஸ்டிக்.

டிரிங்கரை (கோழி தண்ணீர் குடிக்கும் பாத்திரத்தை) பினாயில் போட்டுக் கழுவுவது

முதல் தவறின் தம்பிதான் இது. வெறும் தண்ணீர், ஒரு பிரஷ், போதும்.

மிச்சத்தை பிரிட்ஜில் வைப்பது

கரைத்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குத்தான். மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

அம்மைத் தடுப்பு மருந்தையும் தண்ணீரில் கொடுப்பது

கிடையாது. அது தோலில் குத்திப் போடுவது.

எவ்வளவு குடிக்கும் என்று பார்க்காமல் கலப்பது

முந்தின நாள் அதே நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று அளந்து பாருங்கள். மருந்து நாளில் அந்த அளவுதான். கொடுப்பதற்கு முன் தண்ணீரை நிறுத்தி தாகம் ஏற்ற வேண்டும். சித்திரையில் ஒரு மணி நேரமே அதிகம், மார்கழியில் இரண்டு மணி நேரம் தாங்கும். இருபது நிமிடத்தில் தீர்ந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். பெரிய சேவல்கள் டிரிங்கரை மறித்து நின்று குடித்துவிட்டன, இளைத்தவை ஓரத்திலேயே நின்றுவிட்டன. ஷெட்டுக்குள் மெதுவாக ஒரு சுற்று நடந்தால் கூட்டம் கலைந்து மற்றவையும் வரும்.

தண்ணீரில் நீலச் சாய மாத்திரை ஒன்று போட்டுவிட்டால் யார் குடித்தது என்பது தெரிந்துவிடும். பாலக்கோட்டில் அப்படித்தான் பார்த்தோம். அங்கங்கே பதினைந்து கோழிகளைப் பிடித்து அலகைத் திறந்தோம். பதின்மூன்றின் நாக்கு நீலம். இரண்டு மட்டும் வெளிறிய நாக்கோடு இருந்தன. இரண்டுமே தீவன மூட்டை அடுக்கியிருந்த மூலையில் பிடித்தவை. அந்தப் பக்கம் டிரிங்கர் ஒன்றுகூட இல்லை.