பல்கலைக்கழகத்துக்கு அருகில் கட்டுப்படியாகும் அறை: முதன்முறை தேடும் மாணவருக்கு

பெருநகரத்தில் படிக்க இடம் கிடைத்ததும் பெரும்பாலான மாணவர்கள் செய்யும் முதல் வேலை, வாடகை விளம்பரங்களை விலை வரிசையில் அடுக்கிப் பார்ப்பது. மிகக் குறைந்த வாடகை மேலே வந்து நிற்கும். கண்ணும் அங்கேயே போய் உட்காரும். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் அந்த எண் நீங்கள் கொடுக்கப்போகும் விலை அல்ல. கல்வியாண்டு முழுவதும் அந்த அறையை முன்னிட்டு உங்கள் கையை விட்டுப் போகும் பணமும், நாள்தோறும் அது தின்னும் நேரமும் சேர்ந்ததுதான் உண்மையான விலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த விலையைக் கண்டுபிடிக்கவும், பிறகு அது ஏறாமல் பார்த்துக்கொள்ளவும்தான்.

படி 1: வீடு பார்க்கும் முன் கணக்குப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்று தலைப்புகளை எழுதுங்கள்: நுழையும்போது ஒரே தடவை கொடுப்பவை, மாதாமாதம் கொடுப்பவை, வெளியேறும்போது போகக்கூடியவை.

முதல் தலைப்பின் கீழ் முன்பணம், முதல் மாத வாடகை, தரகு, ஒப்பந்தச் செலவு ஆகியவை வரும். கட்டில், மேசை இல்லாத அறையானால் அவற்றின் விலையும் இங்கேதான். இரண்டாவதில் வாடகையோடு மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம், கட்டடப் பராமரிப்பு, துணி துவைக்கும் செலவு, போக்குவரத்து. மூன்றாவது தலைப்பைப் பலர் எழுதுவதே இல்லை. சுவருக்கு வர்ணம், துப்புரவு என்று முன்பணத்தில் பிடிக்கப்படும் தொகையும், கெடுவுக்கு முன்பே காலி செய்தால் கட்ட வேண்டிய அபராதமும் அங்கே வர வேண்டும். முன்பணம் திரும்பி வரும் பணம்தானே என்று அதைக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். காலி செய்யும்வரை அது உங்களுக்குப் பயன்படாது. கடன் வாங்கிக் கொடுத்திருந்தால் வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி வெறும் எண்களில் ஓர் உதாரணம். வளாகத்தை ஒட்டிய அறைக்கு மாதம் 100. மின்சாரம், தண்ணீர், இணையம் அதற்குள் அடக்கம். தள்ளியிருக்கும் அறைக்கு 75. கால் பங்கு மிச்சம் போலத் தோன்றுகிறது. மின்சாரம், தண்ணீருக்கு 12, இணையத்துக்கு 4, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் 14 என்று கூட்டினால் 105 ஆகிவிடுகிறது. போக 40 நிமிடம், வர 40 நிமிடம் என்றால், மாதம் 22 வகுப்பு நாட்களில் 29 மணி நேரத்துக்கு மேல் வழியிலேயே கழியும்.

அதற்காக அருகில் இருப்பதே எப்போதும் லாபம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வாரத்தில் 3 நாள் மட்டும் வகுப்பு இருப்பவருக்கு, மாணவர் பயணச் சலுகை கிடைப்பவருக்கு, சைக்கிளில் போகக்கூடியவருக்கு இதே கணக்கு தலைகீழாக வரலாம். உங்கள் கால அட்டவணையை வைத்து உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

ஒப்பந்த மாதங்களையும் பெருக்கிப் பாருங்கள். மாதம் 100 வீதம் 10 மாதம் என்றால் ஆண்டுக்கு 1000. மாதம் 88 வீதம் 12 மாதம் என்றால் 1056. விடுமுறையில் நீங்கள் ஊருக்குப் போய்விடுபவர் என்றால், ‘மலிவான’ இரண்டாவது அறைதான் விலை கூடியது. விடுமுறையிலும் அங்கேயே தங்கி வேலை பார்ப்பவருக்கு அந்த இரண்டு மாதம் வீணல்ல.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்றொரு பொது விதியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மாதச் சம்பளம் வாங்குபவருக்கு அது சரி. உதவித்தொகை, கல்விக் கடன், வீட்டிலிருந்து வரும் பணம் என்று துண்டுதுண்டாக வாழும் மாணவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஆண்டு முழுவதற்கும் கைக்கு வரும் மொத்தத்திலிருந்து கல்விக் கட்டணம், உணவு, புத்தகம், ஊருக்குப் போய்வரும் செலவு, அவசரத்துக்கு ஒதுக்கும் தொகை ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சத்தை மாதங்களால் வகுத்தால் வருவதே உங்கள் உச்சவரம்பு. வாடகை மட்டுமல்ல, இரண்டாவது தலைப்பின் கீழ் வரும் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

படி 2: தூரத்தை நிமிடங்களில் அளந்து பாருங்கள்

முதலில் உங்கள் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நகரின் வெவ்வேறு மூலைகளில் வளாகங்கள் உண்டு. பிரதான வாயிலுக்கு எதிரே அறை எடுத்துவிட்டு, ஆய்வகம் ஊரின் மறுகோடியில் இருப்பதைப் பிறகு அறிவது பரிதாபம்.

வரைபடச் செயலியில் ஞாயிறு மதியத்தில் பார்த்தால் எல்லா அறையும் பக்கம்தான். வேலைநாள் காலை நேரத்தை உள்ளிட்டுப் பாருங்கள். இரண்டு தடவை வண்டி மாறும் 25 நிமிடத்தைவிட, மாறாமல் போகும் 35 நிமிடம் மேல். மாறும் இடத்தில் ஒரு வண்டி தவறினால் கணக்கு குலைந்துவிடும். கடைசி பஸ், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் இரவு வரை உட்காருபவருக்கு அதுவே முக்கியம். நேரடித் தடம் போகும், ஆனால் வளாகத்தின் பெயரைச் சொல்லி விலை ஏற்றப்படாத பகுதிகள்தாம் நீங்கள் தேட வேண்டியவை. அவை பெரும்பாலும் வளாகத்தைத் தாண்டி, நகர மையத்துக்கு எதிர்த்திசையில் சில நிறுத்தங்கள் தள்ளி இருக்கும்.

படி 3: எந்த வகைத் தங்குமிடம்?

தனியாக ஒரு முழு வீடு என்பதே ஒருவருக்கு ஆகும் செலவில் மிக அதிகம். சமையலறை, குளியலறை, இணைய இணைப்பு எல்லாவற்றின் பாரமும் ஒரே தலையில் விழுகிறது. முதல் ஆண்டு மாணவருக்கு என் பரிந்துரை, பல்கலைக்கழக விடுதி. அது கிடைக்காவிட்டால் மூத்த மாணவர்கள் ஏற்கெனவே வசிக்கும் பகிர்வு வீட்டில் ஓர் அறை. அங்கே சாமான்கள் இருக்கும், கட்டணங்கள் எவ்வளவு வரும் என்று சொல்ல ஆள் இருக்கும். தனியார் விடுதியில் உணவு சேர்ந்திருந்தால், அந்த உணவைச் சாப்பிடாத நாட்களுக்குப் பணம் கழிப்பார்களா என்று கேளுங்கள். உரிமையாளர் குடும்பம் வாழும் வீட்டிலேயே ஓர் அறை எடுப்பது மலிவாக அமையலாம். ஆனால் பல நாடுகளில் அப்படித் தங்குபவருக்குத் தனி வீட்டு வாடகைதாரருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு முழுமையாக இருப்பதில்லை.

படி 4: எப்போது, எங்கே தேடுவது?

கல்வியாண்டு தொடங்கும் வாரத்தில் அறைகள் குறைவு, தேடுபவர்கள் அதிகம். இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். அது முடியாவிட்டால், முதல் சில வாரங்களுக்கு ஏதாவது ஒரு குறுகியகாலத் தங்குமிடத்தை எடுத்துக்கொண்டு, நேரில் நடந்து தேடுங்கள். பருவத் தேர்வு முடிந்ததும் ஒரு பருவத்துக்கு மட்டும் வந்தவர்கள் கிளம்புவார்கள். நடுவில் காலியாகும் அந்த அறைகளுக்குப் போட்டி குறைவு, பேரம் பேசவும் இடமுண்டு. பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகம், துறை அறிவிப்புப் பலகை, சீனியர்களின் குழுக்கள் இவற்றை முடித்துவிட்டுத் தரகரிடம் போங்கள்.

படி 5: பணம் அனுப்பும் முன் ஆளைச் சோதியுங்கள்

வாடகை மோசடிகளுக்குப் புதிய கதை தேவைப்படுவதில்லை. சுற்றுவட்டார வாடகையைவிட மிகக் குறைந்த தொகை, அழகான படங்கள், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி தபாலில் வரும், இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே டோக்கன் பணம் அனுப்புங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே விலகிவிடுங்கள்.

படங்களைத் தேடுபொறியின் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறு ஊர் விளம்பரத்திலும் அதே சோபா இருந்தால் விஷயம் முடிந்தது. நேரில் போக முடியாவிட்டால் நேரலை வீடியோ கேளுங்கள். முன்பே எடுத்த வீடியோ கூடாது. குழாயைத் திறந்து காட்டுங்கள், ஜன்னல் வழியே தெருவைக் காட்டுங்கள் என்று நீங்கள் சொல்வதை அவர் அந்த நிமிடமே செய்ய வேண்டும். வாடகைக்கு விடுபவர் பெயரும், மின் கட்டண ரசீதிலோ சொத்து வரி ரசீதிலோ உள்ள பெயரும் ஒன்றா? வேறாக இருந்தால் அவருக்கு என்ன அதிகாரம் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். தான் வாடகைக்கு இருக்கும் வீட்டை உள்வாடகைக்கு விடுபவரானால், உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் நுழையாதீர்கள். அவரை வெளியேற்றும்போது உங்களையும் சேர்த்தே வெளியேற்றுவார்கள்.

படி 6: அறையைப் பார்க்கும் நாள்

பகலில் ஒரு தடவை, முடிந்தால் இரவில் ஒரு தடவை பாருங்கள். பகலில் அமைதியாக இருக்கும் தெரு இரவில் வேறு தெருவாக இருக்கலாம்.

உள்ளே போனதும் மூக்கைப் பயன்படுத்துங்கள். ஓதத்தின் வாடையை வர்ணம் பூசி மறைப்பது கடினம். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, ஜன்னல் சட்டங்களின் மூலையில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் ஒரு திட்டில் மட்டும் புதிய வர்ணம் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். குளியலறைக் குழாயும் சமையலறைக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது தண்ணீர் எப்படி வருகிறது? நீங்கள் படிக்க உட்காரப்போகும் மூலையில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்கிறதா? மின் மீட்டர் தனியா, பொதுவா? பொது மீட்டரென்றால் பங்கு பிரிக்கும் முறையை அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மேலே சொன்ன குறைகளில் சிலவற்றை வாடகை குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு அப்படி அல்ல. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் எரிவாயு வெந்நீர்க் கருவி இருந்தால் அந்த அறை வேண்டாம். எரிவாயு சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. மயங்கி விழும்வரை தெரியாமலே போகலாம். தீப்பிடித்தால் வெளியேற வழி எது என்று நின்று யோசியுங்கள். ஒரே வாசல், திறக்க முடியாத கம்பி போட்ட ஜன்னல், புகை எச்சரிக்கைக் கருவி இல்லை என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

கிளம்பும் முன், இப்போது அங்கே குடியிருப்பவரிடம் தனியாக இரண்டு கேள்விகள்: ஏதாவது பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள்? நீங்கள் ஏன் காலி செய்கிறீர்கள்?

படி 7: ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள்

அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ஒரு நாள்கூடத் தராத உரிமையாளர், குழாய் உடைந்தால் எவ்வளவு பொறுமையாக இருப்பார் என்று ஊகிக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பது. நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதில் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதியிருந்தால், ஒருவர் சொல்லாமல் ஓடிவிட்டாலும் அவருடைய பங்கை மற்ற மூவரும் கட்ட வேண்டும். உரிமையாளர் முழுத் தொகையையும் ஒரே ஆளிடம் கேட்கலாம். அறைக்கு ஓர் ஒப்பந்தம் என்றால் உங்கள் அறை வாடகைக்கு மட்டுமே நீங்கள் பொறுப்பு. வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், அதிகம் பழக்கமில்லாதவர்களோடு தங்கும்போது இரண்டாவது முறையே நல்லது. உங்களுக்காக ஜாமீன் கையெழுத்திடும் பெற்றோரின் பொறுப்பும் உங்கள் பங்கோடு நிற்கிறதா, மொத்த வீட்டுக்கும் நீள்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, வெளியேறும் வழி. இடையில் படிப்பு மாறினாலோ உடல்நலம் கெட்டாலோ எத்தனை மாத நோட்டீஸில் விலகலாம்? உங்களுக்குப் பதிலாக வேறொரு மாணவரைக் கொண்டுவந்து ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுக்க அனுமதி உண்டா? இந்த ஒரு வரி இருந்தால் பல மாத வாடகை மிஞ்சும். பேரத்தில் வாடகையைக் குறைக்க மறுப்பவர்கூட இதற்குச் சம்மதிக்க வாய்ப்புண்டு.

முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடித்தம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். புழக்கத்தால் ஏற்படும் இயல்பான தேய்மானத்துக்குப் பிடித்தம் கிடையாது என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். சில நாடுகளில் முன்பணத்துக்கு உச்சவரம்பும், அதை மூன்றாம் தரப்பிடம் வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. உங்கள் படிப்பிடத்தின் விதியை மாணவர் சங்கத்தில் கேளுங்கள். வாடகை உயர்வு, பழுதுபார்ப்பு, விருந்தினர், முன்னறிவிப்பின்றி உரிமையாளர் அறைக்குள் வருவது ஆகியவை பற்றிய வரிகளையும் ஒருமுறை படியுங்கள். வாயால் சொன்ன எதுவும் காகிதத்தில் இல்லையென்றால் இல்லைதான். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், ரொக்கமென்றால் ரசீது.

படி 8: வாடகையைப் பங்கு பிரித்தல்

அறைகள் சமமில்லாதபோது வாடகையைச் சமமாகப் பிரிப்பது சண்டைக்கு வித்து. இருவர் என்றால் எளிது: இரண்டு அறைக்கும் ஒருவர் விலை வைக்கட்டும், மற்றவர் முதலில் தேர்ந்தெடுக்கட்டும். விலை வைப்பவர் தானாகவே நியாயமாக வைப்பார். மூவர், நால்வர் என்றால்? பிரான்சிஸ் சூ என்ற கணித அறிஞர் 1999இல் இதையே ஆராய்ந்து, சில எளிய நிபந்தனைகளின் கீழ், யாரும் அடுத்தவர் அறையைப் பார்த்துப் பொறாமைப்படாதபடி வாடகையைப் பிரிக்க எப்போதும் ஒரு வழி உண்டு என்று நிறுவினார். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகவே விலையை நகர்த்தலாம்: இருவர் ஒரே அறையைக் கேட்டால் அதன் விலையைச் சிறிது ஏற்றி, யாரும் கேட்காத அறையின் விலையை அதே அளவு இறக்குங்கள். ஆளுக்கோர் அறை அமையும்வரை தொடருங்கள்.

படி 9: சாவி வாங்கும் நாளும் சாவி கொடுக்கும் நாளும்

சாமானை இறக்கும் முன் காலி அறையை வீடியோ எடுங்கள். சுவர்க் கீறல், தரைக் கறை, உடைந்த கைப்பிடி, மீட்டர் எண், எல்லாம் அதில் வர வேண்டும். குறைகளைப் பட்டியலிட்டு உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் சேமித்து வையுங்கள். பழுது ஏற்பட்டால் தொலைபேசியில் சொன்ன பிறகு ஒரு செய்தியாகவும் அனுப்புங்கள். தேதி அதில் பதிவாகிவிடும்.

காலி செய்யும்போது நோட்டீஸை எழுத்தில், உரிய நாளுக்கு முன்பே கொடுங்கள். அறையைத் துடைத்து, அதே கோணங்களில் மறுபடி வீடியோ எடுங்கள். உங்கள் பெயரில் உள்ள மின்சாரம், இணைய இணைப்புகளை முடித்துக் கடைசி ரசீதை வாங்குங்கள். முடிக்காவிட்டால் அடுத்து வருபவரின் கட்டணம் உங்கள் பெயரில் ஏறும். உரிமையாளரோடு சேர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்து, பிடித்தம் ஏதாவது உண்டா என்று அங்கேயே கேளுங்கள். சாவியை ஒப்படைத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, முன்பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு விவரத்தை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.