யூதப் பள்ளியில் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கிறதா? அங்கே ஒரு வாரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்

லண்டனின் வடமேற்குப் பக்கம், எஜ்வேர், ஹெண்டன், மில் ஹில், கென்டன் என்று வீடு எடுத்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில நேரம் கவுன்சிலிலிருந்து எதிர்பாராத ஒரு கடிதம் வரும். நீங்கள் கேட்ட பள்ளிகள் நிரம்பிவிட்டன, பக்கத்தில் இருக்கும் யூத ஆரம்பப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று. அப்படியான பள்ளி ஒன்றில் நான் வகுப்பு உதவியாளராக வேலை செய்கிறேன் என்பது தெரிந்தவர்கள் உடனே போன் எடுப்பார்கள். "அக்கா, அது அவங்கட பள்ளிக்கூடம் எல்லோ? எங்கட பிள்ளையை எடுப்பினமோ? சமயம் மாத்திப் போடுவினமோ?"

எடுப்பார்கள். அரசு பணம் கொடுத்து நடத்தும் எந்தச் சமயப் பள்ளியும், இடம் காலியாக இருக்கும்போது பிள்ளையின் சமயத்தைக் காட்டி மறுக்க முடியாது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக வந்தால்தான் தங்கள் சமயத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். 2010க்குப் பிறகு 'ஃப்ரீ ஸ்கூல்' முறையில் புதிதாகத் தொடங்கிய சமயப் பள்ளிகள் அப்போதுகூட பாதி இடங்களுக்கு மேல் சமயத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. கென்டனில் இருக்கும் ஜே.எஃப்.எஸ். மாதிரியான பெரிய இடைநிலைப் பள்ளிகளுக்குப் போட்டி அதிகம். அங்கே யூதப் பிள்ளைகளே வரிசையில் நிற்பார்கள். ஸ்டாம்ஃபோர்ட் ஹில் பக்கத்துக் கடும் ஆசாரப் பள்ளிகளும் நமக்கானவை அல்ல. நான் இங்கே சொல்வது சாதாரண ஆரம்பப் பள்ளிகளைப் பற்றி. ஆரம்பப் பள்ளியின் தொடக்க வகுப்பான ரிசப்ஷனுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. வருடத்தின் நடுவில் வந்து இறங்கியவர்கள் கவுன்சிலையோ பள்ளியையோ நேரடியாகக் கேட்கலாம்.

சமயம் மாற்ற மாட்டார்கள். வெளியாட்களைத் தங்கள் சமயத்துக்குள் இழுக்கும் வழக்கமே யூதர்களுக்கு இல்லை. தாமாகவே மாற விரும்பி வருகிறவரையும் ரபைகள் என்ற அவர்களின் சமய குருமார் முதலில் "யோசித்துப் பார்" என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், சமயப் பாடத்திலிருந்தும் கூட்டுப் பிரார்த்தனையிலிருந்தும் பிள்ளையை விலக்கி வைக்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தை முதல் வாரமே எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தப் பள்ளிகளில் சமயம் ஒரு பாடவேளையில் அடங்கிவிடுவதில்லை. பாட்டு, சாப்பாடு, கதை, கைவேலை எல்லாவற்றிலும் கலந்திருக்கும். விலக்கி வைத்தால் பிள்ளைதான் பாதி நேரம் தனியாக வேறொரு அறையில் உட்கார்ந்திருக்கும். முதலில் ஒரு நாள் போய்ப் பார்க்கக் கேளுங்கள். பள்ளிகள் விருப்பத்தோடு காட்டுவார்கள்.

காலை

முதல் நாள் வாசலிலேயே சிலருக்கு மனம் திக்கென்று இருக்கும். உயரமான வேலி, இரட்டைக் கதவு, காதில் கருவி மாட்டிய காவலர், அவர் பக்கத்தில் மஞ்சள் மேல்சட்டை போட்ட பெற்றோர் ஒருவர். இந்தக் காவலுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது. சமூகத்தின் பாதுகாப்பு அமைப்பான சி.எஸ்.டி. பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கிறது. 2025 அக்டோபரில், யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூரில், மான்செஸ்டரில் ஜெபாலயத்தின் மேல் நடந்த தாக்குதலில் வழிபட வந்தவர்கள் இருவர் இறந்தார்கள். இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. அதனால் பிள்ளையை விட்டதும் வாசலில் கூட்டமாக நின்று பேசாமல் நகர்ந்துவிடுங்கள். பையை எங்கேயாவது வைத்துவிட்டுப் போகாதீர்கள். வாசலைப் படம் எடுக்காதீர்கள், ஊருக்கு அனுப்ப ஆசையாக இருந்தாலும். வேறு யாராவது பிள்ளையைக் கூட்டிப் போக வருவதானால் அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் தெரியாதவரைக் காவலர் உள்ளே விட மாட்டார்.

உள்ளே போனால் வேறு உலகம். காலையில் முதல் வேலை தெஃபிலா, அதாவது பிரார்த்தனை. சின்னப் பிள்ளைகள் பாட்டாகவே பாடுவார்கள். 'ஷெமா' என்ற முக்கியப் பிரார்த்தனை வரும்போது வலது கையால் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். விரல் இடுக்கு வழியாகப் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்காத பிள்ளை இல்லை. யூதரல்லாத பிள்ளைகள் சேர்ந்து பாடலாம், அமைதியாக உட்கார்ந்தும் இருக்கலாம். ஆண் பிள்ளைகள் தலையில் கிப்பா என்ற சின்னத் தொப்பி வைப்பார்கள். சில பள்ளிகள் எல்லா ஆண் பிள்ளைகளையும் வைக்கச் சொல்லும், சில பள்ளிகள் வற்புறுத்தாது. சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விபூதி, பொட்டு, கையில் கட்டிய நூல் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். சமய அடையாளம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள், பேசுவது சுலபம்.

பிறகு நாள் முழுவதும் மற்றப் பள்ளிகள் போலத்தான். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், எல்லாம் தேசியப் பாடத்திட்டம்தான். பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் வந்து பார்க்கும். யூதக் கல்வியை மட்டும் பிக்குவாக் என்ற இன்னோர் அமைப்பு தனியாகப் பார்க்கும். இடையில் ஹீப்ரு மொழியும் யூதக் கல்வியும் வரும். ஹீப்ருவுக்கு 22 எழுத்துகள், வலமிருந்து இடமாக எழுத வேண்டும், உயிர் ஒலிகளைப் பெரும்பாலும் எழுத்துக்குக் கீழே புள்ளியும் கோடுமாகப் போடுவார்கள். வீட்டில் உயிர்மெய் எழுதிப் பழகிய பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். யூதர்களின் வேதமான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து வருடம் முழுவதும் படித்து முடிப்பார்கள். அந்தந்த வாரத்துப் பகுதியிலிருந்து ஒரு கதை வகுப்புக்கு வரும்: நோவாவின் பேழை, யோசேப்பின் சட்டை, செங்கடல். இரவுச் சாப்பாட்டில் பிள்ளை அந்தக் கதையைச் சொல்லும். கேட்டுக்கொண்டே இருங்கள், கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை இந்தப் பள்ளிகள் கொண்டாடும். "நல்ல கேள்வி" என்று சொல்லாமல் எங்கள் ஹீப்ரு ஆசிரியை பதிலைத் தொடங்குவதே இல்லை. பெரியவர் சொன்னால் பேசாமல் கேள் என்று நாம் வளர்த்த பிள்ளைகளுக்கு இது பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். பழகட்டும். எனக்கு இந்தப் பள்ளியில் மிகவும் பிடித்தது அதுதான்.

சாப்பாடு: இதைக் கவனமாகப் படியுங்கள்

நம் வீடுகளுக்கு அதிகச் சிக்கல் வருவது சாப்பாட்டுப் பெட்டியால்தான். கோஷர் என்பது யூதர்களின் உணவு விதி: பன்றி இல்லை, இறால், நண்டு, கணவாய் இல்லை, இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது. இறைச்சிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு ஒரு பாத்திரம். எங்கள் பள்ளிச் சமையலறையில் கரண்டிப் பிடி, வெட்டுப் பலகை, பாத்திரம் தேய்க்கும் துணி வரைக்கும் சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. அதனால் கோஷர் இல்லாத சமையலறையில் செய்த சாப்பாட்டைப் பல பள்ளிகள் உள்ளே விடாது. நீங்கள் விடியற்காலையில் எழுந்து அவித்த இடியப்பமும் சொதியும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி, சைவமாகவே இருந்தாலும் சரி. இது உங்கள் கைச் சுத்தத்தைப் பற்றியது அல்ல, பாத்திரத்தைப் பற்றியது. தயவுசெய்து இதில் மனம் நோகாதீர்கள்.

பள்ளிச் சாப்பாட்டை எடுப்பதுதான் நிம்மதி. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம், யூதப் பள்ளிகளிலும் அப்படித்தான். இடைவேளைக்குப் பழம் கொடுத்துவிடுவதானால் முழுசாகக் கொடுங்கள். உங்கள் வீட்டுக் கத்தியால் வெட்டிய ஆப்பிளைத் திருப்பி அனுப்பும் பள்ளிகள் உண்டு. பிறந்தநாள் கேக் என்றால் கே.எல்.பி.டி. போன்ற கோஷர் முத்திரை உள்ளதைக் கடையில் வாங்கி, பொதி பிரிக்காமல் கொடுங்கள். கோல்டர்ஸ் கிரீன், ஹெண்டன், எஜ்வேர் கோஷர் பேக்கரிகளில் கிடைக்கும். எதற்கும் முதலில் ஆசிரியரைக் கேளுங்கள், கொட்டை வகைக்கும் பெரும்பாலும் தடை இருக்கும்.

சைவக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோஷர் என்றால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி எல்லாம் கோஷர்தான். பொதியில் 'பார்வே' என்று போட்டிருந்தால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை என்று அர்த்தம். ஆனால் முட்டை இருக்கலாம், மீன்கூட இருக்கலாம், ஏனென்றால் மீனை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோஷர் ஜெல்லி மிட்டாயில் உள்ள ஜெலட்டின் மீனிலிருந்தோ மாட்டிலிருந்தோ வந்திருக்கலாம். சேர்க்கைப் படிவத்தில் "சைவம்" என்று மட்டும் எழுதாமல், "இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் வேண்டாம்" என்று பிரித்து எழுதுங்கள். இறைச்சி சமைக்கும் நாட்களில் தயிர், சீஸ் மேசைக்கே வராது. அன்று உங்கள் பிள்ளைக்கு அவரையும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும். காலையில் வீட்டிலேயே ஒரு கிளாஸ் பால் கூடக் குடிக்க வைத்து அனுப்புங்கள்.

சாப்பிடுவதற்கு முன் இரண்டு கைப்பிடி உள்ள குவளையால் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ரொட்டிக்கு நன்றி சொல்வார்கள். சாப்பிட்ட பிறகு நீளமான நன்றிப் பாட்டு ஒன்று, மேசையைத் தட்டித் தட்டி. கொஞ்ச நாளில் உங்கள் பிள்ளையும் வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் தட்டும்.

வெள்ளிக்கிழமை

வாரம் முழுவதும் இந்த நாளைப் பார்த்துத்தான் ஓடும். யூதர்களின் வார ஓய்வு நாளான சபாத் அன்று மாலை தொடங்கும். வியாழன் மதியமே பிள்ளைகள் ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசைந்து பின்னத் தொடங்குவார்கள். வெள்ளி காலையில் வெள்ளைத் துணி விரித்த சின்ன மேசை, இரண்டு மெழுகுவர்த்தி, சித்திரத் துணி மூடிய இரண்டு ரொட்டி, ஒரு கிண்ணத்தில் திராட்சை ரசம். வகுப்பில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அந்த வாரத்துக்குச் சபாத் அப்பா, சபாத் அம்மா. எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் முறை வரும், நம் பிள்ளைக்கும். போன குளிர்காலம் ஒரு தமிழ்ப் பெண் பிள்ளையின் முறை. விளக்கேற்றி, கையை மூன்று முறை வட்டமாகத் தன் பக்கம் இழுத்துக் கண்ணைப் பொத்த வேண்டும். அவள் இழுத்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், தீபாராதனையில் செய்வது போலவே. ஆசிரியை ஒன்றும் திருத்தவில்லை. பெற்றோரை அன்றைக்கு அழைப்பார்கள். வேலையில் ஒரு மணி நேரம் கேட்டாவது போங்கள். பிள்ளை கையில் பத்துப் பென்ஸ் கொடுத்து அனுப்புங்கள், தர்ம உண்டியல் சுற்றி வரும்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு முக்கியமானது நேரம். சபாத் வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு முன் தொடங்கிவிடும். டிசம்பர் நடுவில் லண்டனில் 3.50 மணியளவிலேயே சூரியன் மறைகிறது. அதனால் அக்டோபர் விடுமுறை முடிந்ததிலிருந்து பிப்ரவரி வரை வெள்ளிக்கிழமைகளில் பல பள்ளிகள் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கே மூடிவிடும். மாலை நேர வகுப்பும் இருக்காது. யார் போய்க் கூட்டி வருவது என்று செப்டம்பரிலேயே முடிவு செய்யுங்கள், அல்லது முதலாளியிடம் இப்போதே பேசுங்கள்.

விடுமுறைகளும் அப்படியே. செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று பள்ளி திறப்பதும் மூடுவதுமாக இருக்கும், அதுவும் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு தேதியில். அண்ணனோ அக்காவோ வேறு பள்ளியில் என்றால் இரண்டு நாட்காட்டியையும் குளிர்பெட்டிக் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். பெசாக் பண்டிகைக்கு முந்திய நாட்களில் ரொட்டி, பிஸ்கட் துணுக்குகூடப் பையில் இருக்கக் கூடாது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பிள்ளையை நிறுத்த வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சமயப் பண்டிகைக்கு அனுமதி கொடுக்க முறை இருக்கிறது. நாங்கள் கேட்ட வரையில் மறுத்ததில்லை.

இன்னும் ஒன்று, தயங்காமல் சொல்லிவிடுகிறேன். தீபாவளி வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகை, கழுத்துப் பென்டன், கோலப் புத்தகம், எதிலாவது ஸ்வஸ்திகா இருந்தால் அதைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். அது நமக்கு மங்கலம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வாசலில் பேரப் பிள்ளையைக் கூட்ட வரும் பாட்டிகளில் சிலர், அதைக் கையில் கட்டிய நாஜிகள் வந்து தங்கள் குடும்பத்தை ஏற்றிப் போன வீடுகளில் வளர்ந்தவர்கள். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். விளக்கம் சொல்லிப் புரியவைக்கும் விஷயம் அல்ல இது. பிள்ளையார் சுழி போடலாம், குத்துவிளக்கு வரையலாம், ஒரு குறையும் இல்லை. அதேபோல், இஸ்ரேல் இந்தப் பள்ளிகள் பலவற்றில் பாட்டிலும் வரைபடத்திலும் கொண்டாட்டத்திலும் இருக்கும். உங்களுக்கு அதில் சங்கடம் உண்டென்றால் சேர்ப்பதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். இஸ்ரேலில் உறவுகள் உள்ள பெற்றோர் இருப்பார்கள். போர் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள். வாசலில் அதை வாதமாக்க வேண்டாம்.

பழகுவது கடினம் அல்ல. ஆசாரமான சில ஆண்கள் பெண்களுக்கும், பெண்கள் ஆண்களுக்கும் கை கொடுக்க மாட்டார்கள், அவமதிப்பு இல்லை. வணக்கம் சொல்லிக் கை கூப்புங்கள், இரண்டு பக்கமும் சுகம். பேச்சுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமென்றால் கொச்சி யூதர்களைப் பற்றிச் சொல்லுங்கள். சுமார் கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு உரிமைகள் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. எங்கள் பள்ளி ரபை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அதை வகுப்புக்கே கொண்டுபோனார்.

வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை ஆசிரியருக்கோ யூதப் பெற்றோருக்கோ வாட்ஸ்அப் அனுப்பிப் பதிலை எதிர்பார்க்காதீர்கள். பலர் போனைத் தொடவே மாட்டார்கள். நமக்கு அதில் ஒரு வசதி: சனிக்கிழமை பள்ளி நண்பர்களின் பிறந்தநாள் விழா எதுவும் வராது, அதனால் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்குத் தவறாமல் போகும். விழாக்கள் எல்லாம் ஞாயிறுதான். பரிசாகச் சாப்பாட்டுப் பொருள் வேண்டாம். புத்தகம், வண்ணப் பென்சில், விளையாட்டுப் பொருள் போதும். உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூப்பிடும்போது கோஷர் கேக் என்று அழைப்பிலேயே எழுதி, கடதாசித் தட்டு, கடதாசிக் குவளை வையுங்கள். வகுப்பு முழுவதும் வந்து நிற்கும்.