கொழும்பில் பாட்டன் பூட்டனைத் தேடுவது: சேமக்காலையிலிருந்து பங்கு ஏட்டுக்கு

குடும்ப வேர் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேரே கத்தோலிக்கக் கோவிலின் பங்குப் பணிமனைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே முதற்கேள்வியே "எந்த ஆண்டு?" என்பதுதான். பதில் இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஞானஸ்நான ஏடு பெயர்வரிசையில் எழுதப்பட்டதல்ல, நாள்வரிசையில் எழுதப்பட்டது. அதனால் மரணத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். மரணம் வயதைத் தரும், வயது விவாகத்தின் ஆண்டைக் குறுக்கும், விவாகம் பெற்றோரையும் ஊரையும் தரும், அதற்குப் பிறகுதான் ஞானஸ்நானம்.

முதலில் வீட்டு அலுமாரி. செபப் புத்தகத்துக்குள் செருகிய மரண நினைவு அட்டை, இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளில் அச்சிடும் கல்வெட்டுப் புத்தகம், பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். இலங்கைப் பிறப்புப் பத்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பலர் வாசிப்பதே இல்லை. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று அங்கே ஒரு கூடு உண்டு. தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அதற்கும் ஒரு கூடு. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கலாம்.

அடுத்தது சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம். பொரளையில் உள்ள "கனத்தை" என்ற பொது மயானம் 1866இல் திறக்கப்பட்டது. கொழும்பு மாநகர சபை அதை நடத்துகிறது. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், இந்துக்கள், பௌத்தர்கள் என்று பகுதிகள் பிரிந்திருக்கின்றன. வாசலில் உள்ள அலுவலகத்துக்குப் போகும்போது இறந்த நாளும் அடக்கத்தின்போது வழங்கிய பெயரும் கையில் இருக்கட்டும். நாள் தெரியாமல் "ஐம்பதுகளில் ஒரு பெர்னாண்டோ" என்று கேட்டால் எவராலும் உதவ முடியாது. காலிமுகத்தில் இருந்த பழைய மயானத்தின் கற்கள் பின்னாளில் கனத்தைக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. ஆகவே 1866க்கு முந்திய ஆண்டு பொறித்த கல்லை அங்கே கண்டால், அடக்கமும் அங்கேதான் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துக் குடும்பங்கள் மாதம்பிட்டி மயானத்தையும் பார்க்க வேண்டும்.

கல்லை வாசிக்கக் காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை நாலரைக்குப் பின் போங்கள். சாய்ந்த வெயில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் போடும். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. மேகமூட்டமான நாளில் ஒருவர் முகக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைக் கல்லின் குறுக்கே திருப்ப, மற்றவர் படம் எடுக்கலாம். சுத்தம் செய்யத் தண்ணீரும் மென்மையான நைலோன் தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, பிளீச், அசிட், எழுத்தில் தேய்க்கும் சோக்கு, மா எதுவும் வேண்டாம். கொழும்பின் ஈரத்தில் சுண்ணக்கல்லும் சலவைக்கல்லும் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கின்றன, ஒருமுறை உரசிப் போன எழுத்து திரும்பி வராது. முன்பக்கத்தோடு நிற்காமல் நாலு பக்கமும், இடமும் வலமுமாக இரண்டிரண்டு கல்லறைகளும் படத்தில் வரட்டும். உறவுக்காரர் பக்கத்திலேயே கிடப்பது வழக்கம். நவம்பர் 2, இறந்தோர் திருநாளுக்கு முந்திய சில நாட்கள் போவது இன்னும் நல்லது. கல்லறைகள் கழுவப்பட்டிருக்கும், அந்தக் கல்லறையைப் பராமரிக்கும் ஆட்களையே நேரில் காணலாம்.

தமிழில் பொறித்த பழைய கற்களில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று எண். ௧ என்பது க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் பொருளில்லாத எழுத்துக்கூட்டம் தெரிந்தால் அதை எண்ணாக வாசித்துப் பாருங்கள். மற்றது அறுபதாண்டு வட்டம். "விக்கிருதி வருடம்" என்றால் 1890ஆகவும் இருக்கலாம், 1950ஆகவும் இருக்கலாம். கல்லின் பாணியும் குடும்பத் தகவலும்தான் எது என்று சொல்லும். வருடம் சித்திரையில் தொடங்குவதால் விக்கிருதி மாசி 1891இலோ 1951இலோ விழும். இந்த ஒரு வருடப் பிழையால் சரியான ஏட்டைத் தவறான பக்கத்தில் தேடி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இனிப் பங்கு ஏடு. ஞாயிறு பூசை முடிந்த நெரிசலில் கேட்காதீர்கள். வாரநாளில், முன்கூட்டிச் சொல்லி, ஒரு தாளோடு போங்கள். அதில் ஞானஸ்நானப் பெயர், தாய் தகப்பன் பெயர், முன்பின் மூன்று வருட இடைவெளி, தேடும் காரணம் ஆகியவை இருக்கட்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற பங்குகள் வளர்ந்தபோது பழைய பங்குகளிலிருந்து பிரிந்தவை. இன்றைய கோவில் தொடங்குவதற்கு முந்திய பதிவைத் தாய்ப்பங்கில்தான் தேட வேண்டும்.

பெயர்தான் பெரிய முட்டுக்கட்டை. பழைய கத்தோலிக்க ஏடுகள் இலத்தீனில் உள்ளன. வீட்டில் இராயப்பு என்று அழைக்கப்பட்டவர் அங்கே பெத்ருஸ். சூசைப்பிள்ளை யோசேபுஸ், அருளப்பு யோவான்னெஸ், சின்னப்பு பாவுலுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், இன்னாசி இக்னாத்தியுஸ், வஸ்தியான் செபஸ்தியானுஸ். குடும்பப் பெயரைக்கொண்டு தேடுவது அதைவிட ஆபத்து. தூத்துக்குடி வழிப் பரதவர் பெர்னாண்டோவும் சிங்களப் பெர்னாண்டோவும் ஒரே பக்கத்தில் வருவார்கள். கொழும்புச் செட்டிக் குடும்பங்களில் பிள்ளை "புள்ளே" ஆகியிருக்கும். யாழ்ப்பாணத்தாருக்குத் தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். தகப்பன், தாய் இருவர் பெயரும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இலத்தீன் முழுதும் தெரிய வேண்டியதில்லை. நாத்துஸ் பிறந்தான், பாப்திசாவி ஞானஸ்நானம் கொடுத்தேன், பத்ரீனுஸ் ஞானத்தகப்பன், மத்ரீனா ஞானத்தாய், செபுல்துஸ் அடக்கப்பட்டான், வீதுவா விதவை. விவாக ஏட்டில் தகப்பன் பெயரோடு தெஃபுங்க்தி என்று இருந்தால் அவர் அந்த நாளுக்கு முன்பே காலமாகிவிட்டார். மாதத்தை 7, 8, 9, 10 என்ற எண்ணோடு "ப்ரிஸ்" சேர்த்துச் சுருக்கியிருந்தால் அவை செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர். 7 என்றதும் ஜூலை என்று எழுதிவிடக்கூடாது.

பதிவின் உயிர் ஓரக்குறிப்பில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு முதல், திருமணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அங்குள்ள ஏட்டின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபையின் விதி. யாரை, எங்கே, எப்போது என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கும். வழக்கமாகத் தரும் சான்றிதழில் இது விடுபட்டுப் போகலாம். "ஓரக்குறிப்பும் ஞானப்பெற்றோர் பெயரும் சேர்த்து எழுதித் தாருங்கள், சுவாமி" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் மாமன், பெரியம்மா போன்ற நெருங்கிய உறவு. அவர்களுடைய பதிவைத் தேடினால் தாய்வழிக் கிளை திறக்கும்.

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு புதையல் உண்டு. மச்சானும் மச்சாளும் மணந்தால் திருச்சபை விலக்களிப்பு, அதாவது உறவுத் தடையை நீக்கும் அனுமதி, தேவைப்பட்டது. விவாக ஏட்டில் "கொன்சாங்குயினித்தாத்திஸ்" (இரத்த உறவு) என்ற சொல்லோடு "செக்குந்தோ" இருந்தால், பழைய கணக்கில் அது இரண்டாம் படி. மணமக்களுக்குப் பொதுவான பாட்டன் பாட்டி உண்டு. "தெர்சியோ" என்றால் பொதுவானவர் பூட்டன் பூட்டி. கல்லும் பத்திரமும் சொல்லாத உறவை இந்தச் சொல் உறுதிப்படுத்தும்.

கொழும்பில் தேடித் தேடியும் மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் கிடைக்கவில்லையா? தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கும். தாயின் ஊர்ப் பங்கைப் பாருங்கள், அது நீர்கொழும்போ, மன்னாரோ, தூத்துக்குடிப் பனிமய மாதா கோவிலோ. இளைய பிள்ளைகள் மட்டும் கொழும்பு ஏட்டில் இருப்பது இதற்கு நல்ல அறிகுறி.

அரச பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1867இல் வந்தது. ஆனால் ஆரம்ப காலத்தில் பலர் பதிவு செய்யவில்லை. பதிவு இலக்கம் தெரியாவிட்டால் உரிய பிரதேச செயலகத்தில் தேடல் விண்ணப்பம் கொடுக்கலாம். தேடும் காலப்பகுதியை எவ்வளவு குறுக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. சைவக் குடும்பங்களுக்குக் கல் கிடைப்பது அரிது, தகனம்தான். அவர்களுக்குக் கல்வெட்டுப் புத்தகமும் பத்திரிகை மரண அறிவித்தலும் கைகொடுக்கும். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. பழைய இதழ்களைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலேயருக்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டிய குடும்பங்கள் அதே காப்பகத்தில் ஒல்லாந்தர் காலப் பாடசாலைத் தோம்புகளைக் கேளுங்கள். வீடு வீடாக ஞானஸ்நானமும் விவாகமும் எழுதிய ஏடுகள் அவை. மொழி டச்சு, கையெழுத்து கடினம், ஒரு நாளில் பத்துப் பக்கம் வாசித்தாலே பெரிது. கொழும்பு டச்சுச் சீர்திருத்தச் சபையின் ஏடுகள் ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளி இணையத்தளத்திலும் உண்டு. ஊரின் பெயரை முதலில் தெரிந்துகொண்டு போங்கள். தோம்பு ஊர் வாரியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது.